லண்டனுக்கு இருபத்திரண்டு அடி கிட்ட

கமலேஸ்வரி லண்டனுக்குப் புறப்பட்டு மூன்று நாளாகிவிட்டது. இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு அவளுடைய கணவர் யோகலிங்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கடல் வரைபடம், கையில் கவராயம், காதில் பென்சில். வேலிக்கு அந்தப் பக்கம், தென்னோலைக் கிடுகுக்குப் பின்னால், வளையல் சத்தம் கேட்டது.

“கமலம், ஒரு சிக்கல் வந்திருக்கு.”

“இன்னுமொண்டோ?” என்றது வேலி.

புறப்பாடு நடந்த விதம் இதுதான். லண்டனில் இருக்கும் ஒரே மகள் வதனிக்கு முதல் பேறு. வருகிற செவ்வாய்க்கிழமை என்று டொக்டர் நாள் சொல்லியிருந்தார். மருமகன் மாமியாருக்கு ஒரு டிக்கட் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறினால் இடையில் ஓரிடத்தில் இறங்கி, பதின்மூன்றரை மணித்தியாலத்தில் லண்டன்.

எல்லாம் நல்லதுதான். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்பதுதான் பிழை. அதைக் கண்டுபிடித்தவர் யோகலிங்கம். கண்டுபிடித்த அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னவள் கமலேஸ்வரி. பயண நேரம் சரியில்லாவிட்டால், நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை முதலிலேயே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். பெட்டி வாசல் படலையைத் தாண்டிய அந்த நிமிஷத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு எந்த ராகு வந்தாலும் நடு வழியில் நிற்கிற ஆளை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. புறப்பட்டவர் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. வழியனுப்பியவர், போனவர் போய்ச் சேரும்வரை அவர் முகத்தில் விழிக்கக்கூடாது. குரலுக்குத் தடையில்லை.

எந்த வீடு என்பதை யோகலிங்கம் கவராயம் வைத்துத் தீர்மானித்தார். திருகோணமலையிலிருந்து லண்டன் வடமேற்கே இருந்தது. தம்முடைய வீட்டிலிருந்து அதே திசையில் கோடு போட்டால் அது அன்ஸாரின் குசினிக்குள் புகுந்து போனது. அன்ஸார் கருவாட்டு வியாபாரி, சொந்தமாக ஒரு லொறியும் வைத்திருந்தான். அவனுடைய மனைவி நபீஸா, “அக்கா எங்கட ஊட்டால லண்டனுக்குப் போறதெண்டா எங்களுக்குத்தானே பெருமை” என்று சொல்லி, மரக்கறி சமைக்கவென்றே புதுச் சட்டி வாங்கினாள். திங்கட்கிழமை காலை பத்துப் பத்துக்குப் பெட்டி முப்பது காலடி தூரம் பயணம் செய்தது. சேலைகள் எல்லாம் அதற்குள் இருந்தபடியால் கமலேஸ்வரியும் பின்னாலே போனாள்.

யோகலிங்கத்தின் கணக்கைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது. துறைமுகக் கந்தோரில் முப்பத்துநான்கு வருஷமாகக் கப்பல்கள் வந்து சேரும் நேரத்தைக் கரும்பலகையில் எழுதி வருபவர் அவர். தேயிலை ஏற்ற வருகிற கப்பலின் கப்பித்தான் ஒரு நேரம் சொல்லி, யோகலிங்கத்தின் பலகை வேறொரு நேரம் சொன்னால், ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் பலகையைத்தான் நம்புவார்கள். லண்டனுக்குக் கப்பலில் ஆறாயிரத்து எழுநூறு கடல்மைல் என்று நித்திரையிலும் சொல்லுவார். அவர் மூதூருக்கு அப்பால் கடலில் போனதில்லை என்பது வேறு விஷயம். அந்த மூதூர் லோஞ்சுப் படகிலும் கண்ணை மூடிக்கொண்டு படுத்துத்தான் போய்வந்தார். ஆகாய விமானம் என்றால், சீனக்குடாப் பக்கம் இறங்கும்போது அதன் வயிற்றுப் பகுதியை மட்டும் பார்த்திருக்கிறார்.

“என்ன சிக்கலெண்டு சொல்லுங்கோவன். நபீஸா தேத்தண்ணி ஊத்திப்போட்டா.”

யோகலிங்கம் வரைபடத்தை விரித்தார். மறுபக்கத்தில் இருப்பவளுக்கு அது தெரியாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

“ராகுகாலம் சூரியனோட போற சாமான், கமலம். சூரியன் மேற்க போகுது. உன்ர பிளேனும் மேற்க போகுது. இஞ்ச பன்னிரண்டு மணிக்கு ராகு முடிஞ்சிடும். ஆனா நீ மேற்க போகப் போக, அங்கங்க நேரம் பின்னுக்கு நிக்கும். பிளேனுக்குள்ள பன்னிரண்டு மணி லேசில வராது. இஞ்ச ஒரு மணித்தியாலத்தில முடியிற ராகு, உனக்கு அங்க ரெண்டு மணித்தியாலம் இருக்கும்.”

வேலிக்கு அப்பால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“நான்தான் திங்கட்கிழமையே புறப்பட்டிட்டனே,” என்றாள் கமலேஸ்வரி.

“அது ஒரு மணித்தியால ராகுவுக்குக் காணும். ரெண்டு மணித்தியாலத்துக்குக் காணுமோ எண்டு பஞ்சாங்கத்தில இல்லை. பஞ்சாங்கம் எழுதின காலத்தில பிளேன் இல்லை.”

“அப்ப என்ன செய்யிறது?”

“ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பிளேன் கிடக்கு. அதுக்கு மாத்துவம்.”

தூரத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நாளைக்குக் காலை என்று அவர் பலகையில் எழுதிய கப்பல்; அரை நாள் முந்திவிட்டது. யோகலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“இஞ்சாருங்கோ,” என்றாள் கமலேஸ்வரி. குரல் தணிந்திருந்தது. “வதனி பிறக்கேக்க என்ர அம்மா வெருகல் ஆத்துக்கு அங்கால நிண்டவ. வெள்ளம். நான் அம்மா அம்மா எண்டு கத்த, அவ எட்டு நாள் கழிச்சுத்தான் வந்து சேந்தவ. என்ர பிள்ளை அப்பிடிக் கத்தக்கூடாது. செவ்வாய்க்கிழமைக்கு முன்னம் நான் அங்க நிக்கவேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

“நிப்பாய். ஞாயிறு ஏறினா ஞாயிறு இரவு நிப்பாய். நான் கணக்குப் பாத்திட்டன்.”

“உங்கட கணக்கு எனக்குத் தெரியாதே,” என்றாள் அவள். பிறகு, “சரி. டிக்கட்டை அன்ஸார் தம்பியிட்டக் குடுக்கிறன். நாளைக்கு லொறி கொழும்புக்குப் போகுது,” என்றாள்.

முப்பத்தொரு வருஷத்தில் அவள் இவ்வளவு சுருக்காக ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தரம். யோகலிங்கத்துக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் இன்னொரு சிக்கல் நினைவுக்கு வந்தது. பெட்டி ஒரே கூரையின் கீழ் மூன்று இரவுக்கு மேல் தங்கினால் பயணம் முறிந்துவிடும். திங்கள், செவ்வாய், புதன் முடிந்துவிட்டன. அவர் பல் தீட்டிய கையோடு வேலிக்கு ஓடினார். லொறி புறப்பட்டுப் போன புழுதி தெருவில் இன்னும் அடங்கவில்லை.

நபீஸாதான் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததுபோல் இருந்தது.

“அதுக்கென்ன அண்ணன், பின்னால ஒரு அறை கிடக்கு. அதுக்கு வேற கூரை. இப்பவே பெட்டியையும் அக்காவையும் அங்க மாத்திர்றன். காத்துப் படக்கூடாதுதானே, கதவையும் சாத்தி வைக்கிறன்.”

அந்த அறை எந்தப் பக்கம் என்று யோகலிங்கம் விசாரித்தார். வடமேற்குத்தான். அவர் வேலியோரமாக நடந்து அளந்து பார்த்தார். கமலேஸ்வரிக்கு லண்டன் இருபத்திரண்டு அடி கிட்ட வந்திருந்தது. ஆகாய வழி ஐயாயிரத்து நானூறு மைலை அடியாக்கி, அதில் இதைக் கழித்துப் பிழையில்லாமல் எழுதி வைத்துக்கொண்டார்.

அன்று கந்தோரில் ஞாயிற்றுக்கிழமையைச் சரிபார்க்க உட்கார்ந்தவர் பத்து நிமிஷத்தில் வியர்த்துப் போனார். ஞாயிறு ராகுகாலம் பின்னேரம் நாலரைக்கு. காலை பதினொரு மணிக்கு ஏறுகிற விமானத்தை அது பிடிக்காது என்று நினைத்திருந்தார். பிடிக்கும். எங்கோ துருக்கிக்கு மேலே, வானத்தில் வைத்துப் பிடிக்கும். பிடித்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் விடாது. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் விமானத்தோடு கூடவே பறக்கும். வெள்ளிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று. அவர் ஒரு ராகுவைத் தப்ப நினைத்து ஒன்றரை ராகுவை வாங்கியிருந்தார்.

மத்தியானம் ஒரு துண்டுக் கடதாசியில் விபரமாக எழுதிக் கொண்டுவந்து வேலியால் நீட்டினார். திங்கட்கிழமை ராகு காலை ஏழரைக்கே வந்து ஒன்பதுக்குப் போய்விடும்; விமானம் அதற்குப் பிறகுதான் ஏறும்; ஆகவே திங்கட்கிழமைக்கு மாற்றவேண்டும்; அன்ஸாருக்குக் கொழும்புப் பேட்டைக் கடைக்குப் போன் எடுத்துச் சொல்லவேண்டும். கடைசியில், ‘பயப்பட வேண்டாம், நான் இருக்கிறன்’ என்று ஒரு வரி. அதை எழுதியபோது அவருக்குக் கலியாணமான புதிதில் சம்பூரில் நின்ற அவளுக்கு எழுதிய கடிதங்கள் ஞாபகம் வந்தன.

நபீஸா கடதாசியை வாங்கிக்கொண்டு பின்னறைப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“அக்கா சொன்னாங்க, நீங்க பாத்துச் செஞ்சாச் சரியாம்.”

“அப்பிடியே சொன்னவ?”

“அப்பிடியேதான்.”

“கதைக்க மாட்டாவோ?”

“தொண்டை கட்டிப் போச்சு அண்ணன். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்திருக்கன்.”

யோகலிங்கம் வீட்டுக்கு வந்து வேப்பெண்ணெய்ப் போத்தலையும் தைலப் புட்டியையும் எடுத்து வேலியால் கொடுத்தார். அவற்றோடு இன்னொரு துண்டும் போனது: ‘தொண்டைக்குத் தைலம் பூசவும். நீ இல்லாமல் வீட்டில் மணிக்கூட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது.’ அதற்கு நபீஸா கொண்டுவந்த பதில், மணிக்கூட்டை நிப்பாட்டிவிட்டுப் படுக்கச் சொல்லி. அது கமலேஸ்வரி சொல்லக்கூடியதுதான். அவர் நிப்பாட்டிவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் கந்தோர் மேசையில் பெரிய வரைபடத்தை விரித்துக் கவராயத்தின் ஒரு காலைக் கட்டுநாயக்காவில் ஊன்றினார். அங்கே இப்போது அந்த விமானம் கிளம்பியிருக்கும். கமலேஸ்வரி இருந்திருக்க வேண்டிய இருக்கை யன்னல் ஓரம் என்று மருமகன் எழுதியிருந்தார். அந்த இருக்கை வெறுமையாகப் போகிறது.

வெளியே துறைமுகம் பச்சையும் நீலமுமாக அசையாமல் கிடந்தது. யன்னலால் வந்த காற்று வரைபடத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது; அரபிக் கடல் எழும்பி எழும்பித் தணிந்தது. அவர் மணிக்கொரு தரம் கவராயத்தை ஐந்நூறு மைல் நகர்த்தினார். பன்னிரண்டு மணிக்கு வெறும் இருக்கை கரையைத் தாண்டிக் கடலுக்குப் போனது. ஒரு மணிக்குக் கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த இருக்கையில் கமலேஸ்வரி இருந்தால் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பாள். அந்த ஆள் வெள்ளைக்காரராக இருந்தால் விரலால் கேட்பாள். முகில் அவளுடைய முழங்கைக்குக் கீழே பஞ்சுபோலக் கிடக்கும். அவள் அதைப் பார்த்துத் தலையணை உறை மாற்றவேண்டும் என்று நினைப்பாள்.

மேலதிகாரி வந்து, “எந்தக் கப்பல் மிஸ்டர் யோகலிங்கம்?” என்று கேட்டார்.

“கப்பலில்லை சேர். ஒரு கதிரை,” என்றார் யோகலிங்கம்.

மேலதிகாரி அவருடைய ஓய்வு பெறும் திகதியை மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தும் அவர் விடவில்லை. லாம்பு வெளிச்சத்தில் கவராயம் பாலைவனங்களைக் கடந்து, கறுப்புக் கடலைத் தொட்டு, பனி கிடக்கிற தேசங்களுக்கு மேலால் மெதுவாக நடந்தது. எத்தனையோ கப்பல்களை அவர் இப்படி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். இப்படி நெஞ்சு அடித்ததில்லை. நல்லவேளை அவள் அதில் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. இருந்திருந்தால் இந்நேரம் எப்படிப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. லண்டனைத் தொடுவதற்கு முன்பே நித்திரை வந்துவிட்டது.

கமலம் புறப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு வேலியால்தான் வந்தது; அன்றைய பருப்புக் கறியில் உறைப்புத் தூக்கலாக இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. லண்டன் யோசனையில் கமலத்துக்குக் கையும் மாறிவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் லொறி திரும்பி வந்தது. அன்ஸார் குளித்துச் சாரம் மாற்றிக்கொண்டு வேலிக்கு வந்தான்.

“எல்லாம் சரியாப் போச்சு அண்ணன். ஒரு கரைச்சலும் இல்ல.”

“திங்கட்கிழமைக்குத்தானே?”

அன்ஸார் தொண்டையைச் செருமினான். “நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. நாளைக்கு மத்தியானம் லொறி எடுக்கலாம்.”

யோகலிங்கம் திங்கட்கிழமையைத் திருப்பித் திருப்பிச் சோதித்தார். ராகு இல்லை. எமகண்டம் குறுக்கே வந்தது. ஆனால் பயணத்துக்கு அவ்வளவு பாதகமில்லை என்று பஞ்சாங்கமே விட்டுக்கொடுத்திருந்தது. லண்டனில் இறங்கும்போது அங்கே திங்கள் இரவு ஏழு மணி, இங்கே நடுச்சாமம் தாண்டிச் செவ்வாய். ஆனால் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால் அதுவும் திங்கள்தான். டொக்டர் சொன்ன செவ்வாய்க்கு முதல் நாள். பிழையே இல்லை.

பிழை இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பு சோர்ந்துபோனது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். பிழை இருக்கும்வரை அவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கணக்குச் சரிவந்தால் போய்விடுவாள். திரும்பி வர மூன்று மாதம். இந்த ஒரு கிழமையாகத் தாம் ராகுவோடு சண்டை பிடிக்கவில்லையோ, ராகுவுக்குக் கையாளாக இருந்தோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அவர் அந்தச் சந்தேகத்தை எழுதி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. தந்திப் பியோன் ஸைனுலாப்தீன்.

தந்தி என்றதும் யோகலிங்கம் படலைக்கு ஓடினார். கண்ணாடியைத் தேடினார்; அது நெற்றியில் இருந்தது; அவருக்குத் தெரியவில்லை. “நீயே வாசி,” என்றார்.

ஸைனுலாப்தீன் உறையைப் பிரித்து ஆங்கிலத்தைக் கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னான்.

“பொம்பிளப் பிள்ளையாம் ஐயா. நேத்து விடியக்காலையில. தாயும் பிள்ளையும் சுகமாம்.”

யோகலிங்கம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் சந்தோஷந்தான் வந்தது. அது முகம் முழுவதும் பரவ முந்தியே மற்றது வந்துவிட்டது. நேற்று விடியக்காலை. வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறியிருந்தால் அவள் வெள்ளி இரவே அங்கே நின்றிருப்பாள்.

பியோன் மேலே என்னவோ சொல்ல வாயெடுத்தான். கையெழுத்துப் புத்தகத்தையும் நீட்டினான். யோகலிங்கம் இரண்டையும் கவனிக்கவில்லை. தெருவால் சுற்றிப்போகப் பொறுமையில்லாமல் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டால் குனிந்து நுழைந்தார். ஒரு கிடுகு பிய்ந்து தோளில் தொங்கியது. வழியனுப்பியவர் முகம் பார்க்கக்கூடாது என்பதெல்லாம் போன இடம் தெரியவில்லை. முற்றத்தில் மீனுக்குச் செதிள் தட்டிக்கொண்டிருந்த அன்ஸார் கத்தியோடு எழும்பினான். நபீஸா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

யோகலிங்கம் பின்னறைக்கு முன்னால் போய் நின்றார். கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை எழும்பவில்லை.

“கமலம்,” என்றார். “பிள்ளை பிறந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை. நேற்று விடியவே வந்திட்டுது.”

உள்ளே சத்தமில்லை.

“நான் ராகு எங்க நிக்கும், சூரியன் எங்க நிக்கும் எண்டெல்லாம் பாத்தன். பிள்ளை முந்தி வந்திடுமோ எண்டு மட்டும் பாக்கயில்லை. உன்ர அம்மாவை வெருகல் ஆறு மறிச்சதெண்டு இருபத்தேழு வருஷமாச் சொல்லுறாய். இந்த முறை ஆறு ஒண்டும் குறுக்க வரயில்லை, கமலம். நான்தான் வந்தனான்.”

அவர் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு உன்னை அனுப்ப மனமில்லை. அதைச் சொல்ல வெக்கப்பட்டுப்போய்த்தான் இவ்வளவு கணக்கும் போட்டனான். நீ ஏசு. தொண்டை நொந்தாலும் பரவாயில்லை, ஒருக்கா ஏசிப்போடு.”

அன்ஸார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தான். நபீஸாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளா, வேறேதுமா என்று சொல்ல முடியவில்லை.

கையெழுத்து வாங்காமல் போக முடியாத ஸைனுலாப்தீன் சைக்கிளைத் தெருவில் சாத்திவிட்டு, அதே பொட்டால் நுழைந்து பின்னால் வந்து நின்றான். தந்தியை ஒருமுறை பார்த்தான், சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தான், பிறகு யோகலிங்கத்தின் தோளில் தொங்கிய கிடுகை மெதுவாக எடுத்துவிட்டுச் சொன்னான்:

“ஐயா, இந்தக் கதவுக்கு என்னத்துக்குச் சொல்லிக்கிட்டு நிக்கிறீங்க? லண்டனில இருந்து இந்தத் தந்தியை அடிச்சதே கமலேஸ்வரி அம்மாதானே, கீழ அவங்கட பேர்தான் கிடக்கு.”